கத்தோய்ராவில் வைக்கிங்குகள் கரையிறங்கும் நாள்: வாசகர் கேள்வி–பதில்

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியாவில், உல்யா ஆறு அரோசா கழிமுகத்தில் கலக்கும் இடத்தில் இருக்கிறது கத்தோய்ரா. மொத்தமே சுமார் 3,300 பேர் வாழும் ஊர். ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் முதல் ஞாயிறன்று அந்த ஊருக்கு வைக்கிங்குகள் ‘படையெடுத்து’ வருகிறார்கள். வந்து இறங்குவதும் ஊர்க்காரர்கள், எதிர்த்து நிற்பதும் ஊர்க்காரர்கள். இந்தப் போரில் ரத்தத்துக்குப் பதில் தெறிப்பது சிவப்பு ஒயின். விழாவுக்கு ‘ரொமெரியா விகிங்கா’ என்று பெயர். ரொமெரியா என்றால் கோயில் திருநாளுக்குக் கூட்டமாகப் போய், அங்கேயே சாப்பிட்டு, ஆடிப்பாடித் திரும்புவது. விழா பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: வைக்கிங்குகள் வடக்கே நார்வே, டென்மார்க் பக்கத்து ஆட்கள். அவர்கள் ஸ்பெயின் வரை வந்தார்களா, அல்லது சுற்றுலாவுக்காகக் கட்டிய கதையா?

வந்தார்கள். ஒரு முறை அல்ல, சுமார் 200 ஆண்டுகளுக்கு விட்டு விட்டு வந்தார்கள். முதல் வருகை 844-இல். கிஹோன் கரையைத் தொட்டுவிட்டு, ரோமானியர் காலத்துக் கலங்கரை விளக்கம் நிற்கும் இன்றைய அ கொருஞா பக்கம் இறங்கினார்கள். அரசர் முதலாம் ராமிரோவின் படை அவர்களை விரட்டியது. 70 கப்பல்களை எரித்ததாக அக்காலத்து நாளாகமம் சொல்கிறது. அந்த எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் எஞ்சிய கப்பல்கள் தெற்கே போய் லிஸ்பனையும் செவில்யாவையும் தாக்கியது அரபு ஆசிரியர்களின் எழுத்திலும் இருக்கிறது. 858 வாக்கில் இன்னொரு கூட்டம் வந்தது.

உல்யா ஆற்றுக்காரர்கள் மறக்காதது 968. குந்தெரெதோ என்று லத்தீன் ஏடுகள் எழுதும் தலைவன் 100 கப்பல்களோடு வந்தான் என்பது சாம்பிரோ என்பவர் எழுதிய நாளாகமம் தரும் கணக்கு. இரியா–சந்தியாகோ ஆயர் (பிஷப்) சிஸ்னாந்தோ தானே படை நடத்திப் போய் ஃபோர்னெலோஸ் என்ற இடத்தில் இறந்துபோனார். அதன்பின் ஈராண்டுக்கு மேல் உள்நாடு வரை கொள்ளை நடந்தது. கடைசியில் கோன்சாலோ சான்செஸ் என்ற பிரபு அவர்கள் கப்பலேறும் முன்பே மடக்கித் தோற்கடித்தார். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் வந்து, மிஞ்ஞோ ஆற்றங்கரையில் உள்ள தூய் நகரத்தைச் சூறையாடினார்கள்.

எனவே விழாவில் ஊர் எப்போதும் ஜெயிப்பது பாதி உண்மைதான். ஆயரைப் பறிகொடுத்த வருஷத்தை யாரும் நடித்துக் காட்டுவதில்லை.

கேள்வி: கலீசியக் கரையில் எத்தனையோ துறைமுகம் இருக்க, கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இந்த ஊர் ஏன்?

வரைபடத்தில் பார்த்தால் புரியும். அரோசா கழிமுகம் உள்ளே போகப் போகக் குறுகி, கத்தோய்ராவில் ஆறாக மாறுகிறது. அங்கிருந்து மேலே ஏறினால் பழைய ஆயர் நகரமான இரியா. இன்றைய பத்ரோன் ஊரின் பகுதி அது. அதற்கும் அப்பால் நிலவழியே போனால் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா, அப்போஸ்தலர் யாக்கோபுவின் கல்லறை, அதற்குக் காணிக்கையாக வந்த பொன்னும் வெள்ளியும். கொள்ளைக்காரர்களுக்கு இந்த ஆறு ஒரு வாசல். வாசலைப் பூட்ட எழுந்த கோட்டைதான் கத்தோய்ராவின் சதுப்பு ஓரத்தில் இன்று சிதைந்து நிற்கும் தோரஸ் தெ ஒஎஸ்தே.

பெயரைக் கேட்டதும் ‘மேற்குக் கோபுரங்கள்’ என்றுதான் யாரும் மொழிபெயர்ப்பார்கள். ஆனால் பழைய ஏடுகளில் அதன் பெயர் காஸ்தெல்லும் ஹொனெஸ்தி. ‘ஹொனெஸ்தி’ தேய்ந்துதான் ‘ஒஎஸ்தே’ ஆனது. திசைக்கும் அதற்கும் உறவில்லை. 11-ஆம் நூற்றாண்டில் அரசர் ஐந்தாம் அல்ஃபோன்சோ காலத்திலும், பின் ஆயர் கிரெஸ்கோனியோ காலத்திலும் கோட்டை வலுப்பெற்றது. சந்தியாகோவின் முதல் பேராயரான தியேகோ ஹெல்மீரெஸ் அங்கேயே வளர்ந்தவர் என்பார்கள். அவர் காலத்தில் வைக்கிங் பயம் தீர்ந்து, தெற்கிலிருந்து வரும் கடற்கொள்ளையர்தான் தலைவலி. அவர்களைத் துரத்த ஜெனோவாவிலிருந்து கப்பல் தச்சரை அழைத்துவந்து போர்க்கப்பல் கட்டவைத்தார்.

விழா 1960-களின் தொடக்கத்தில் உள்ளூர்ப் படிப்பாளிகள் கூடி ஆரம்பித்தது. ஸ்பெயின் அரசு 2002-இல் இதைச் சர்வதேசச் சுற்றுலா முக்கியத்துவம் உள்ள விழா என்று அறிவித்தது.

கேள்வி: ஆகஸ்டில் குடும்பத்தோடு போகலாம் என்றிருக்கிறோம். எப்போது போய்ச் சேர வேண்டும்? எங்கே நின்றால் நன்றாகத் தெரியும்?

விமானம் என்றால் சந்தியாகோ. பக்கத்துப் பெரிய ஊர் வில்யகர்சியா தெ அரோசா, சுமார் 10 கிலோமீட்டர். தங்குவதற்கு அங்கேதான் அறை தேட வேண்டும். கத்தோய்ராவில் அந்த வாரக் கடைசியில் அறை கிடைத்தால் அதிர்ஷ்டம். முந்தைய நாட்களிலேயே கோபுரங்கள் பக்கம் சந்தை, தாளம், கலீசியாவின் பைக்குழல் இசை எல்லாம் தொடங்கிவிடும்.

கரையிறக்கம் ஞாயிறு நண்பகலை ஒட்டி நடப்பது வழக்கம். அந்த ஆண்டு நிகழ்ச்சி நிரலில் உள்ள நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள், கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையையும் பாருங்கள். ஞாயிறு மாறாது, கடல் மாறும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் 12 மணி 25 நிமிடம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பிந்துகிறது. ஒரு வாரம் தள்ளிப் பார்த்தால் முழு ஏற்றம் இருந்த மணியில் முழு வற்றம் இருக்கும். அதனால் ஒரு வருஷம் படகு புல் விளிம்பு வரை வரும். இன்னொரு வருஷம் நடுவில் சேறு படுத்திருக்கும்.

சேறு எவ்வளவு வேகமாக வெளியே வரும் என்று கணக்குப் போட மீனவர்களுக்குப் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. தண்ணீர் இறங்கும் மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கி, வற்றம் நடக்கும் 6 மணிகளுக்கும் முறையே 1, 2, 3, 3, 2, 1 பங்கு என்று பிரிக்க வேண்டும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 3 மீட்டர் வித்தியாசம் என்றால், முதல் மணியில் 25 செ.மீ. இறங்கும் தண்ணீர், மூன்றாம், நான்காம் மணிகளில் 75 செ.மீ. வீதம் இறங்கும். ஏற்றம் முடிந்து இரண்டு மணி நேரம் தாமதித்த படகு அந்த 75 செ.மீ.யில்தான் மாட்டிக்கொள்கிறது. தரைதட்டி நிற்கும் படகை 20 பேர் தள்ளினாலும் சேறு விடாது.

இடத்தைப் பொறுத்தவரை, முன்வரிசை என்றால் ஒயினில் நனையச் சம்மதம் என்று பொருள். கறை வேண்டாம் என்பவர்கள் கோபுரங்கள் பக்கத்து மேட்டில், காற்று முதுகில் படும்படி நிற்கலாம். ஆற்றின் குறுக்கே ரியான்ஷோ பக்கம் போகும் பாலம் கோபுரங்களை ஒட்டியே ஓடுகிறது. படகுகள் வரும் வழி முழுதும் தெரிவது உயரத்திலிருந்துதான். அன்று போக்குவரத்தை எப்படித் திருப்பிவிடுகிறார்கள் என்று முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மரப் படகை வருஷம் முழுக்கக் கரையில் வைத்துவிட்டு, விழா அன்று தண்ணீரில் இறக்கினால் போதாதா? ஒரு விழாப் படகு இறக்கிய பத்து நிமிடத்தில் நீர் வாங்கியதாகப் படித்தேன்.

அது குறைபாடு இல்லை, மரத்தின் குணம். வைக்கிங் பாணிப் படகில் பலகைகள் விளிம்போடு விளிம்பு சேராது, மேல் பலகையின் அடி விளிம்பு கீழ்ப் பலகையின் மேல் ஏறி உட்காரும். ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி. ஏறிய இடத்தைத் துளைத்து, இரும்பு ஆணியை வெளியிலிருந்து செருகி, உள்ளே சதுரத் தகடு மாட்டி, ஆணியின் நுனியை வெட்டித் தட்டி மழுக்குவார்கள். வெளியே ஒருவர் கனமான இரும்பை முட்டுக்கொடுத்துப் பிடிக்க, உள்ளே ஒருவர் சுத்தியலால் தட்ட வேண்டும். ஆணிக்கு ஆணி இடைவெளி 15 முதல் 20 செ.மீ. ஓங்கித் தட்டினால் பலகை ஆணியின் வழியே நீளத்துக்குப் பிளந்துவிடும். தளரத் தட்டினால் முதல் அலையில் ஆட ஆரம்பிக்கும். காதால் கேட்டே தெரிந்துகொள்வார்கள். தகடு இறுகியதும் சத்தம் தட்டையிலிருந்து கணீரென்று மாறும், அங்கே நிறுத்த வேண்டும்.

இரண்டு பலகைக்கும் நடுவில் கலப்பற்று இருக்கிறது. தாரில் தோய்த்த ஆட்டு மயிர் நூல், ஆணி அடிக்கும் முன்பே வைத்துவிடுவது. இது ஓட்டையை அடைக்கும் பிசின் அல்ல, மரம் ஊதி நெருக்கும்போது நசுங்கிப் பொருந்தும் மெத்தை. ஆக மரம் ஊற வேண்டும். ஓராண்டு வெயிலிலும் காற்றிலும் சுருங்கிய பலகையைத் திடீரென்று இறக்கினால் ஏறுவிளிம்பு வழியே நீர் வராமல் என்ன செய்யும்?

வழி இதுதான். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே அமைதியான நீரில் இறக்கிக் கட்டிப் போடுங்கள். முதல் நாளில் ஒரு பம்பும் ஒரு ஆளும் காவலுக்கு வேண்டும். இரண்டாம் நாளில் வரத்து பாதியாகும். நான்கைந்து நாளில் வாளியால் இறைத்தாலே போதும் என்ற நிலை வரும். வராவிட்டால் ஏராவுக்கு (படகின் அடிமரத்துக்கு) அடுத்த முதல் பலகையைப் பாருங்கள், பெரும்பாலும் கோளாறு அங்கேதான். கரையில் வைக்கும் காலத்தில் நிழலில் வைத்து, மேலே பாய் போட்டு, பக்கவாட்டில் காற்றோட்டம் விடுங்கள். பிளாஸ்டிக் விரிப்பால் இறுகச் சுற்றினால் உள்ளே வியர்த்து அழுகும். வருஷத்துக்கு ஒரு தடவை பைன் தாரில் ஆளி எண்ணெய் கலந்து, சூடாக்கிப் பூச வேண்டும். மரம் காய்ந்திருந்தால்தான் உறிஞ்சும். ஈர மரத்தில் பூசிய தார் தோலாக நின்று, ஒரு மாதத்தில் உரிந்துபோகும்.

கத்தோய்ராவின் படகுகளில் ஒன்றின் பெயர் ‘தோரஸ் தெ ஒஎஸ்தே’. இன்னொன்றின் பெயர் ‘ஃபிரெடெரிக்சுண்ட்’. டென்மார்க்கின் ரொஸ்கில்ட குறுங்கடல் ஓரம் இருக்கும் அந்த ஊர் கத்தோய்ராவின் இணைநகரம், 1952 முதல் வைக்கிங் நாடகம் நடத்திவரும் ஊர். அதே குறுங்கடலில்தான் 1962-இல் ஸ்குல்டெலெவ் கப்பல்களைத் தோண்டி எடுத்தார்கள். எதிரி உள்ளே வராமல் இருக்க, 11-ஆம் நூற்றாண்டில் வழியை அடைத்து மூழ்கடிக்கப்பட்டவை அவை. ஐந்தில் சிறிய போர்க்கப்பல் 17.3 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், சுமார் 30 ஆட்கள். மூழ்கும் ஆழமோ 60 செ.மீ.தான்! இடுப்பளவு நீர் இருந்தால் எந்த ஊர்க் கரைக்கும் வந்துவிடும். வைக்கிங் பயத்தின் ரகசியம் கோடரியில் இல்லை, அந்த 60 செ.மீ.யில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் குழு சிறிய அளவில் இப்படி ஒரு கரையிறக்கம் செய்து பார்க்க விரும்புகிறது. துடுப்பு வலிப்பவர்கள் புதியவர்கள். எதில் தப்பு நடக்கும்?

எல்லாவற்றிலும் நடக்கும். அடிக்கடி நடப்பதை மட்டும் சொல்கிறோம்.

துடுப்பு வலிப்பவர்கள் பின்பக்கம் பார்த்து உட்காருவார்கள், போகும் திசை தெரியாது. சுக்கான் பிடிப்பவருக்கு மட்டுமே தெரியும். பழைய கப்பல்களில் சுக்கான் நடுவில் இல்லை, வலப்பக்கத்து ஓரத்தில் பெரிய துடுப்பாகத் தொங்கும். ஆழமற்ற கரைக்கு வரும்போது அதைத் தூக்கிக் கட்ட ஒருவரை முன்பே நியமியுங்கள். மறந்தால் தரை தட்டி முறிவது அதுதான்.

தாளம் போடுபவர் மிகப் பின்னால் இருக்கும் துடுப்புக்காரர். மற்றவர்கள் தம் முன்னால் இருப்பவரின் முதுகையே பார்க்க வேண்டும், துடுப்பின் அலகைப் பார்க்கக் கூடாது. அலகைப் பார்க்கத் திரும்பினால் கை தாழும், துடுப்பு ஆழமாகப் போய் நீரில் மாட்டும். படகோ முன்னால் ஓடுகிறது, அதனால் கைப்பிடி நேரே வந்து நெஞ்சில் அடிக்கும். விலா எலும்பு உடையும் அடி அது. அப்படி மாட்டினால் பலம் காட்டாமல் கைப்பிடியைத் தலைக்கு மேலே விட்டுவிட்டுக் குனிந்துகொள்ளச் சொல்லிக்கொடுங்கள். மூன்று பயிற்சியாவது வேண்டும். முதலாவது கட்டிய படகில், இரண்டாவது அமைதியான நீரில், மூன்றாவது விழா உடையோடு.

உடையோடு ஒரு பயிற்சி கட்டாயம். கம்பளி அங்கி நனைந்தால் எடை கூடும். சங்கிலிக் கவசம் 10 முதல் 12 கிலோ. அதைப் போட்டுக்கொண்டு படகில் ஏற யாரையும் விடாதீர்கள், கரையில் நிற்பவர் மட்டும் அணியட்டும். கலீசியக் கடல் கோடையிலும் குளிர்ந்ததுதான். வடகாற்று மேல்நீரை வெளியே தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஆகஸ்டில்கூட பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே. வெயிலில் வியர்த்தவர் திடீரென்று விழுந்தால் மூச்சு வாங்கி, வாயில் தண்ணீர் போகும். அங்கிக்குள் மெல்லிய மிதவை உடுப்பு போடலாம், மேலே ஆட்டுத்தோலைப் போர்த்தினால் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது.

கடைசி 50 மீட்டர்தான் கூட்டம் பார்க்கும் பகுதி, எல்லாரும் கெடுப்பதும் அதைத்தான். ஒழுங்கு இப்படி: சுக்கான்காரர் குரல் கொடுத்ததும் துடுப்புகள் உள்ளே வரும், முன்னால் இருப்பவர்கள் பின்னால் நகர்வார்கள், அணியம் (படகின் முன்முனை) சற்று உயரும், படகு சறுக்கி ஏறும். ஏறி நின்ற பிறகே ஆட்கள் பழையபடி முன்னால் வந்து, ஒருவர் இடம், ஒருவர் வலம் என்று மாறி மாறி இறங்க வேண்டும். ஆர்வத்தில் பத்துப் பேர் ஒரே பக்கம் குதித்தால் படகு சாய்ந்து, பின்னால் இருப்பவர்கள் துடுப்போடு விழுவார்கள். முதலில் இறங்குபவர் குதிக்கக் கூடாது. ஒரு காலை நீட்டி ஆழமும் சேறும் பார்த்துவிட்டு இறங்கட்டும். முழங்காலுக்குக் கீழே தண்ணீர் என்றால் சரி.

பக்கத்தில் இயந்திரப் படகு ஒன்று நிற்க வேண்டும். அதை ஓட்டுபவரும் சுக்கான்காரரும் அன்று ஒயினைத் தொடக் கூடாது. மற்றவர்களுக்கும் ஒயின் இறங்கிய பிறகே என்பது நம் கட்சி. இதை உள்ளூர்க்காரர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

கேள்வி: கொம்பு வைத்த தலைக்கவசம் வைக்கிங்குகள் போட்டதே இல்லையாமே?

இல்லை. 1876-இல் ஜெர்மனியில் வாக்னரின் இசைநாடகத்துக்கு உடை வடிவமைத்தவர் வைத்த கொம்பு பரவிவிட்டது. நார்வேயில் 1943-இல் கிடைத்த கெர்முண்ட்பூ தலைக்கவசம் உருண்டை, கண்ணைச் சுற்றி மூக்குக் கண்ணாடி மாதிரி இரும்பு வளையம், கொம்பு இல்லை. கத்தோய்ராவில் கொம்புகள் தாராளம். அது அருங்காட்சியகம் இல்லை, திருவிழா. ஆனால் நெருக்கமான கூட்டத்தில் அந்தக் கொம்பு பக்கத்தில் நிற்பவரின் கண் உயரத்தில் இருக்கும் என்பதை அணிபவர் நினைவில் வைத்தால் நல்லது.

கேள்வி: கேடயம் வீட்டிலேயே செய்யலாமா? கத்தி, கோடரி என்ன கனத்தில் இருக்க வேண்டும்?

செய்யலாம். நார்வேயின் கோக்ஸ்டாட் கப்பலோடு 64 கேடயங்கள் கிடைத்தன, பக்கத்துக்கு 32. ஒவ்வொன்றும் சுமார் 94 செ.மீ. விட்டம், மஞ்சளும் கறுப்பும். நீங்கள் 80 முதல் 90 செ.மீ. வையுங்கள். பைன் பலகைகளை விளிம்போடு விளிம்பு ஒட்டி, நடுவில் 8 மி.மீ., ஓரத்தில் 5 மி.மீ. வரும்படி இழையுங்கள். நடுவில் 12 செ.மீ. துளை. அதன் மேல் 15 செ.மீ. இரும்புக் குமிழ். பின்னால் விட்டம் முழுக்கப் போகும் ஒரே கைப்பிடிச் சட்டம். கை குமிழுக்குள் இருக்கும். முன்கையில் வார் போட்டு மாட்டுவது வைக்கிங் முறை அல்ல, விழுந்தால் மணிக்கட்டையும் அது முறிக்கும்.

ஓரத்துக்குப் பதப்படுத்தாத தோலை இரவெல்லாம் ஊறவைத்து, ஈரத்திலேயே 2–3 செ.மீ.க்கு ஒரு துளை போட்டுத் தையுங்கள். காயும்போது சுருங்கி இறுகும். இங்கேதான் பலர் ஏமாறுவது. ஈரத்திலேயே முறுக்கி இழுத்துத் தைத்தால், காய்ந்த மறுநாள் கேடயம் அப்பளம் மாதிரி வளைந்திருக்கும். கையால் இழுத்தால் சுருக்கம் விழாத அளவு போதும். தண்ணீர் பட்டால் இதே தோல் திரும்பவும் தொளதொளவென்று ஆகிவிடும், ஆகவே காய்ந்தபின் ஆளி எண்ணெய் இரண்டு கை பூசுங்கள். படகு ஓரத்தில் கேடயங்களைத் தொங்கவிட்டபடியே துடுப்பு வலிக்க நினைக்காதீர்கள். கோக்ஸ்டாட்டில் அவை துடுப்புத் துளையை மறைத்துத் தொங்கின.

ஆயுதத்தின் வெட்டும் விளிம்பு 2 முதல் 3 மி.மீ. தடிமனாக, மழுங்கலாக இருக்க வேண்டும். நுனி உருண்டையாக. விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று ஒவ்வொரு மோதலுக்குப் பின்னும் பஞ்சால் தடவிப் பாருங்கள், பஞ்சு மாட்டினால் அரம் போட வேண்டும். அடி தோளுக்குக் கீழே, தொடைக்கு மேலே. முகத்தை நோக்கிக் குத்துவது எந்த ஒத்திகையிலும் கிடையாது. எதிராளியின் கண்ணைப் பார்த்து அவர் தயார் என்று தெரிந்தபின்பே வீச வேண்டும். சேற்றில் கால் வழுக்கும் என்பதால் ஓட்டமும் அடியும் சேரக் கூடாது. ஓடி வந்து, நின்று, பிறகு வீசுங்கள்.

கேள்வி: விழாவில் கொம்பில் ஒயின் குடிக்கிறார்களே, அந்தக் கொம்பு வீட்டில் செய்தால் நாற்றம் அடிக்கிறது. முகத்திலும் ஊற்றிக்கொள்கிறது!

நாற்றத்துக்குக் காரணம் உள்ளே மிச்சமிருக்கும் சவ்வு. மாட்டுக் கொம்பைக் கொதிநீரில் அரை மணி நேரம் போட்டால் உள் எலும்பு தளர்ந்து வரும். பிறகு உள்ளே வழவழப்பாகும் வரை சுரண்ட வேண்டும். சோடா உப்புக் கரைசலில் ஒரு நாள் வைத்து, கழுவி, இரண்டு நாள் நன்றாகக் காய விடுங்கள். கொம்பை லேசாகச் சூடாக்கி, உருக்கிய தேன்மெழுகு ஒரு கோப்பை ஊற்றி, எல்லாப் பக்கமும் சுழற்றி, மீதியைக் கொட்டிவிடுங்கள். குளிர்ந்த கொம்பில் ஊற்றினால் மெழுகு ஓடாக உரியும். ஈரம் இருந்தாலும் அப்படித்தான். மெழுகு 62–64 டிகிரியில் உருகும், ஆகவே சூடான பானம் எதுவும் கூடாது.

முகத்தில் கொட்டுவதற்கு மருந்து எளிது. நுனி மேலே பார்க்கும்படி தூக்கினால், உள்ளே போகும் காற்று வளைவில் மாட்டி, ஒரே குமிழாகக் கிளம்பி, மொத்த ஒயினையும் முகத்தில் தள்ளும். நுனியைப் பக்கவாட்டில் திருப்பி, குடிக்கக் குடிக்க மெல்லச் சுழற்றுங்கள். காற்று ஓரமாகவே போகும்.

கேள்வி: ஸ்காட்லாந்துப் பக்கமும் இப்படி ஒரு விழா உண்டு, அங்கே கப்பலை எரிப்பார்கள் என்கிறார்களே? கத்தோய்ராவிலும் எரிப்பார்களா?

நீங்கள் சொல்வது ஷெட்லாந்துத் தீவுகளின் லெர்விக் ஊர். ‘அப் ஹெல்லி ஆ’, ஜனவரி கடைசிச் செவ்வாய். 1880-களில் பந்த ஊர்வலமாக உருவெடுத்து, 1889-இல் கப்பலும் சேர்ந்தது. அது இருட்டின் விழா, நடுக்குளிர். இது வெயிலின் விழா. அங்கே படையெடுப்பு நடிப்பே கிடையாது. ஆயிரம் பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் பந்தங்களோடு சுற்றிவந்து, மாதக்கணக்கில் செய்த கப்பலை ஒரே நேரத்தில் எறிந்து எரிப்பார்கள். பந்தம் வேலிக்கம்பில் சாக்குத் துணி சுற்றி, அடியில் சிமெண்ட் பிடித்து, முந்தின இரவே மண்ணெண்ணெயில் ஊறவைத்தது. லெர்விக்கின் பந்தக் குழுக்களில் பெண்கள் சேர 2023-இல்தான் வழி திறந்தது.

கத்தோய்ராவில் படகு எரியாது. அடுத்த ஆகஸ்டுக்கும் அதே படகு வேண்டுமே.

கேள்வி: அங்கே என்ன சாப்பாடு?

மட்டி, ஆக்டோபஸ், தீயில் வாட்டிய இறைச்சி, அடைத்துச் சுட்ட எம்பனாதா. அரோசா கழிமுகம் ஸ்பெயினில் மட்டி வளர்ப்பில் முதலிடம். மரத் தெப்பங்களிலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டு வளர்க்கிறார்கள், கரையிலிருந்தே தெப்ப வரிசை தெரியும். ஆக்டோபஸை மரத்தட்டில் வெட்டி, கல் உப்பு, மிளகாய்த்தூள், ஆலிவ் எண்ணெய் போட்டுத் தருவார்கள். தட்டு மரம் என்பதால் எண்ணெய் தேங்கி நிற்காது.

கேள்வி: ஐந்து வயதுக் குழந்தையைக் கூட்டிப்போகலாமா?

கூட்டிப்போகலாம், முன்வரிசைக்கு மட்டும் வேண்டாம். கூச்சலும் பறையும் கோடரி தூக்கிய தாடிக்காரர்களும் ஒரே நேரத்தில் ஓடி வந்தால் அழும். கரையிறக்கத்துக்கு முந்தைய மணியில் சந்தையில் அந்தத் தாடிக்காரர் ஒருவரிடம் கை குலுக்க வைத்துவிடுங்கள். பிறகு அவர் ஓடி வருவதைப் பார்த்தால் சிரிக்கும்.

கேள்வி: கடைசியாக, கறை! வெள்ளைச் சட்டை போட்டுப் போய்விட்டு வந்தேன். சோப்புப் போட்டதும் நீலமாகிவிட்டது.

சிவப்பு ஒயினைத்தான் ஊற்றுவார்கள், ரத்தம் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமல்லவா. திராட்சைத் தோலின் அந்த நிறம் புளிப்பில் சிவப்பு, காரத்தில் நீலம். துணி சோப்பு காரம். அதனால்தான் உங்கள் சட்டை நீலமானது. கறை இன்னும் புதிது என்றால் தேய்க்காமல் துணியால் ஒற்றி, பின்பக்கத்திலிருந்து குளிர்ந்த நீர் ஓட விடுங்கள். பிறகு வெள்ளை வினிகரோ எலுமிச்சையோ தடவி 10 நிமிடம் விட்டு அலசினால் நீலம் சிவப்புக்குத் திரும்பி இளகும். எஞ்சியதற்கு, பருத்தியும் லினனும் என்றால் ஆக்சிஜன் வகை வெளுப்பியை வெதுவெதுப்பான நீரில் கரைத்து இரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். கம்பளிக்கும் பட்டுக்கும் அது ஆகாது. கறை போகும் முன் இஸ்திரி போடாதீர்கள், வெயிலிலும் காயப்போடாதீர்கள். கேமரா வில்லையில் தெறித்தால் உலர்ந்த துணியால் துடைக்கக் கூடாது. நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் ஒயினோடு வந்து ஒட்டிய மணல் கண்ணாடியைக் கீறிவிடும். அடுத்த தடவை கறுப்புச் சட்டை.